சொல்லாமல் விட்ட பேரு

பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேஷனில் கிள்ளான் ரயிலுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பாஸ்டரும் அவர் மனைவியும்.

"ஏங்க, ஜெபத்துக் கடைசியில இயேசு பேரை ஏன் சொல்லல?" என்று அந்தம்மா கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது.

"எல்லா சமயத்துக்காரங்களும் வந்த அஞ்சலிக் கூட்டம் லா. பொதுவா கடவுளேன்னு முடிங்கன்னாங்க."

"கோயில் ஐயரு அவரு சாமி பேரைச் சொன்னாரு. உங்களுக்கு மட்டும் வாய் வலிச்சுதா?"

"எல்லார்கிட்டயும்தான் சொன்னாங்க. நான் மட்டும் அப்படியே செஞ்சிட்டேன். வெள்ளத்துல பிள்ளைங்கள பறிகொடுத்தவங்க முன்னால உட்கார்ந்திருந்தாங்க. அங்க போய்ச் சண்டையா போடறது?"

"சண்டை போடச் சொல்லல. அந்தப் பேருக்காகத்தான் எங்கப்பா செத்தப்ப, முகத்தைக்கூடப் பார்க்க விடாம எங்க வீட்டு ஆளுங்க என்னை வாசல்லயே நிறுத்தினாங்க. இயேசு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் உள்ள போயிருப்பேன்."

பாஸ்டர் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து, பாதியைப் பிட்டு மனைவி கையில் கொடுத்தார். கண்ணை மூடி ஜெபம் செய்தார். "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே" என்று எனக்கே கேட்கிற மாதிரி சத்தமாக முடித்துவிட்டு, மனைவி ஆமென் சொல்லக் காத்திருந்தார்.

அந்தம்மா பன்னை மடியில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.