அந்த ஒரு வரி மட்டும் திருந்தல

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வைங்க... கண்ணு கூசுது.

இது ராத்திரியில நடந்ததில்ல. உச்சிவெயில். ஞாயித்துக்கிழமை. ஆஸ்பத்திரி ரோட்டுல ஈ, காக்கா இல்ல... என் சிநேகிதனோட மச்சான் தனியா வண்டியில போறான். அங்க ரத்த வங்கியோட டேட்டாபேஸைப் பாத்துக்கிறவன் அவன்தான்.

பிரச்சினை துளியூண்டு. பிரசவ ஆபரேஷனுக்கு ஒரு பொண்ணு உள்ள போயாச்சு. கம்ப்யூட்டர் பட்டியல்ல ஆளுக்கு ஒரு வரி... அவளோட வரியில ரத்த வகை தப்பா இருக்கு. அதைத் திருத்துற வரைக்கும் ரத்தப் பை வெளிய வராது. அவசரத்துக்கு வெச்சிருந்த பையும் தீர்ந்தாச்சு.

திருத்தினான். வட்டம் சுத்துச்சு... சுத்துச்சு... 'முடியவில்லை'ன்னு வந்துச்சு. மத்தவங்க வரியெல்லாம் திருந்துது. அவளோடது மட்டும் இல்ல.

அப்படின்னா யாரோ அந்த வரியைத் திருத்துறேன்னு பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்... அவங்க விடற வரைக்கும் வேற யாரும் தொட முடியாது. யாரு? மவுஸால அமுக்குற பட்டன் திரையில பாத்தான். அவனைத் தவிர யாருமே இல்ல.

இங்க கொஞ்சம் கவனிங்க. பட்டன் திரை பாக்க அழகு. ஆனா அதைச் செஞ்சவன் எதைக் காட்டச் சொன்னானோ, அதைத்தான் காட்டும். கட்டளை அடிக்கிற கருப்புத் திரை அப்படியில்ல... நீங்க கேக்கத் துணிஞ்சா, அது பதில் சொல்லும்.

கருப்புத் திரையைத் தொடக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு. முன்னாடி அந்த வேலையில இருந்தவரைக் 'கட்டளை அண்ணன்'னு கூப்பிடுவாங்க. மவுஸைத் தொடவே மாட்டார். "எலி பிடிக்க நான் என்ன பூனையா?"ம்பார். இதே மேனேஜர் பின்னாடி நின்னு காட்டுக் கத்தல் கத்தினப்ப... பாதிக் கட்டளையில நெஞ்சைப் பிடிச்சுச் சாஞ்சார். அதே நாற்காலியில. போயிட்டார்.

போன் ஸ்பீக்கர்ல மேனேஜர்: "மவுஸ்ல பண்ணுடா! கருப்பைத் திறந்தே, உன் வேலை காலி!"

"வேலை கிடக்கு சார்! உள்ள உயிர் போகுது!"

திறந்தான். உள்ள யார் யார் இருக்காங்கன்னு கேட்டான்.

ரெண்டு பேர். ஒண்ணு இவன். இன்னொண்ணு... கட்டளை அண்ணன். அவரோட கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போயே ஆறு மாசமாச்சு.

குப்புன்னு தலைவலித் தைல வாடை. அவர் தேய்க்கிற தைலம்.

வெளியேத்தினான். பேர் மறைஞ்சுது... திரும்ப வந்துச்சு. மறுபடியும் வெளியேத்தினான். டக். டக். இவன் கை கீபோர்டுல இல்ல. ஒவ்வொரு டக்கும் அறை விழுற மாதிரி. ஸ்பீக்கர்ல கத்தல் ஏற ஏற அதுவும் ஏறுது. மேஜையே அதிருது.

அப்பதான் இவனுக்கு உறைச்சுது. ஒரு திருத்தத்துக்கு ரெண்டு படி. முதல்ல எழுதணும்... அப்புறம் 'கமிட்'னு அடிச்சு உறுதி பண்ணணும். நடுவுல நின்னா, எழுதினவர் பிடியிலேயே அந்த வரி கிடக்கும். அன்னிக்கு, இவ முதல் செக்கப்புக்கு வந்த சமயம், அவர் திருத்திக்கிட்டிருந்தது இவளோட வரியைத்தான். மேனேஜர் கத்தல் முடிக்க விடல.

"அண்ணே... முடிங்கண்ணே."

"டேய், யார்கிட்டடா பேசுற? காது செவிடா?"

மச்சான் பல்லைக் கடிச்சான். போனைக் கட் பண்ணினான். நாற்காலியை விட்டு எழுந்து, தள்ளி நின்னான்.

அமைதி. நாற்காலி மெத்தை மெல்ல அமுங்குச்சு... டக் டக்குன்னு இங்கிலீஷ்ல ஆறு எழுத்து, 'கமிட்'. என்டர்.

வரி திருந்துச்சு. ரத்தப் பை வெளிய வந்துச்சு. தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க.

இன்னிக்கும் அங்க ஏதாவது வரி அப்படிச் சிக்கிக்கிட்டா, இதைத்தான் செய்யறாங்க... போனைக் கட் பண்ணிட்டு, நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுப்பாங்க.