டேப்பில் ஏறாத கோப்புகள்

இரவு பதினொன்றே கால். புறவழிச் சாலை. விளக்குக் கம்பங்களில் ஒன்று விட்டு ஒன்றுதான் எரிகிறது... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது.

அவனுக்கு ‘வயர்’ என்று பட்டப்பெயர். ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். அந்த நேரத்தில் அவன் பைக்கில் பறந்ததற்குக் காரணம், மாடியில் இருந்த சேமிப்புப் பெட்டி. எல்லா அறைகளிலிருந்தும் நெட்வொர்க் வழியாகப் படங்கள் வந்து சேரும் இடம். ஒன்பது வருடத்து ஸ்கேன்கள். இரண்டு டிஸ்க் ஏற்கெனவே செத்துவிட்டன. மூன்றாவது, டக்... டக்... என்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அதுவும் போனால் எல்லாம் போச்சு.

வாசலில் வாட்ச்மேன் சிரித்தார். “என்னப்பா வயரு, வீட்ல வெரட்டிட்டாங்களா?”

“டிஸ்க்தான் வெரட்டுதுண்ணே.”

போனில் சென்டரின் முதலாளி, பெரிய டாக்டர். “விடியறதுக்குள்ள டேப்ல ஏத்திடு. எப்படி ஏத்தறதுன்னு நீயே பாத்துக்க. ஒண்ணு குறைஞ்சாலும் உனக்கு இங்க வேலை இல்ல.”

வழி இரண்டு. டேப் டிரைவை, அதாவது கோப்புகளை நாடாவில் நகலெடுக்கும் கருவியை, பெட்டியிலேயே நேராகச் செருகினால், அடிமூலை வரை வழித்து மொத்தமாக ஏற்றிவிடும். வேகம். இல்லையென்றால் டிரைவைப் பக்கத்து சர்வர் கம்ப்யூட்டரில் செருகி, நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு கோப்பாக எடுக்கலாம். மெதுவாக நடக்கும். கண்ணுக்குத் தெரியும் கோப்புகள் மட்டுமே வரும்.

சாகக் கிடக்கும் பெட்டிக்கு எது சரி என்று வயருக்குத் தெரியும். ஆனாலும் இரண்டாவதைத்தான் எடுத்தான்.

ஏனென்றால்... அந்த அடிமூலையில் ஒரு ஸ்கேன் கிடந்தது.

நாலு மாதம் முன்பு ஒரு நோயாளியின் படம் காணாமல் போனது. “நான் சேவ் பண்ணேன் தம்பி. சத்தியமா பண்ணேன்” என்று கெஞ்சினாள் ஸ்கேன் எடுக்கும் அக்கா. பெட்டியில் கோளாறு என்றால் பழி வயர் தலையில். ‘அவர் சேமிக்கவே இல்லை’ என்று எழுதிக் கொடுத்தான். அக்காவின் வேலை போனது. மறுவாரம், கெட்ட துண்டுகளைப் பெட்டி தானே ஒதுக்கிப் பூட்டி வைக்கும் அடிமூலையில் அதே படத்தின் பெயரைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அழிக்கவும் முடியவில்லை. அந்தப் பூட்டைத் திறக்க அவனுக்கு உரிமை கிடையாது. அந்த மாதமே அக்கா, தூங்கியவள் எழுந்திருக்கவில்லை.

பெட்டியோடு அதுவும் ஒழியட்டும் என்று நினைத்தான்.

ஓட விட்டான். டேப் கிர்ர்ரென்று சுற்றி... நின்றது. திரையில் ஒரு வரி. ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது. தவிர்க்கப்பட்டது.’

கட்டடத்துக்குள் அவனைத் தவிர யாருமில்லை. அடுத்த கோப்பு. தவிர்க்கப்பட்டது. அதற்கடுத்தது... தவிர்க்கப்பட்டது. யார் திறந்து வைத்திருப்பது என்று தேடினான்.

அக்காவின் கணக்கு. அவனே தன் கையால் நீக்கிய கணக்கு.

அக்கா எப்போதும் கை துடைக்கும் ஸ்பிரிட்டின் வாடை மெல்ல ஏறியது. கீழே ஸ்கேன் அறையிலிருந்து மவுஸ் சத்தம். கிளிக்... ஒரு கோப்பு. கிளிக்... இன்னொன்று.

வாட்ச்மேனுக்கு போன் போட்டான். “அண்ணே... ஸ்கேன் ரூம்ல யாரு?”

“பூட்டுன ரூம்ல யாருப்பா இருப்பா? சாவி என் இடுப்புல இருக்கு. போய் மூஞ்சியக் கழுவு.”

மணி ஒன்று. டேப் இன்னும் காலி. டிஸ்க் டக்டக்கென்று அடித்துக்கொண்டது.

வயர் திரையைப் பார்த்துக் கும்பிட்டான். “அக்கா... ஏத்திடறேன்க்கா. எல்லாத்தையும் ஏத்திடறேன்.”

டிரைவைச் சர்வரிலிருந்து பிடுங்கினான். பெட்டியில் நேராகச் செருகினான். கிளிக் நின்றது. டேப் வழுக்கிக்கொண்டு ஓடியது. நாலரைக்கு முடிந்தது. அடுத்த நிமிடம், மூன்றாவது டிஸ்க் அடங்கியது.

மறுநாள், பெரிய டாக்டர் எதிரிலேயே புதுப் பெட்டியைப் பிரித்து, டேப்பிலிருந்து படங்களை இறக்கினான். மாலை ஆயிற்று. ஒன்றுகூடக் குறையவில்லை. புதுப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை; காணாமல் போன படத்தை அவனே திறந்து காட்டினான். “அவங்க சேவ் பண்ணாங்க சார். நான்தான் பொய் எழுதுனேன்.”

டாக்டர் சொன்னார். “அவங்க வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லு. நாளைலேர்ந்து இங்க வராத.”

போனது வேலைதானே, உயிர் இல்லையே என்று எழுந்தான். பழக்கதோஷம்... போகும்போது புதுப் பெட்டியின் திரையை ஒருமுறை பார்த்தான். நெட்வொர்க் கேபிள் இன்னும் மாட்டவில்லை. டேப் டிரைவையும் கழற்றியாயிற்று. கரண்ட் கேபிளைத் தவிர, பின்பக்கத் துளைகள் எல்லாமே காலி.

‘இணைந்திருப்பவர்: 1.’

அதன் கீழே சின்ன எழுத்தில்...

‘கடைசி அசைவு: மூன்று விநாடிகளுக்கு முன்.’