கடலூர்ல எதுக்கு ஹீட்டரு

— அந்தத் தார்ப்பாய எடுங்க. என்னத்த மூடி வச்சிருக்கீங்கன்னு பாக்கறேன்.

— ராணி! நீ எப்படி இங்க வந்த?

— நான் வந்தது இருக்கட்டும். கேரவனுக்கு சீட்டு தைக்கணும், பாண்டியில விட்டுருக்கேன்னீங்க. அது சிதம்பரத்துல ரைஸ்மில் குடோன்ல நிக்குது.

— யாரு சொன்னது உனக்கு?

— தட்சிணாமூர்த்தி சம்சாரம். அவுங்க மில்லு, அவுங்களுக்குத் தெரியாதா? “உங்க வீட்டுக்காரரு வண்டிக்கு அடியிலயே படுத்துக் கெடக்காரு டீச்சர்”னுச்சு. ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும். நான் ஏற்கெனவே தெரியும்ங்கற மாதிரி தலைய ஆட்டிட்டு வந்தேன்.

— நம்ம வீட்டு ஷெட்டு ஒழுவுது. மழையில எப்படி வேல பாக்கறது? அதான் இங்க...

— ஷெட்டு ஒழுவுதுன்னா ஒழுவுதுன்னு சொல்லியிருக்கலாம். பாண்டின்னு ஏன் சொன்னீங்க? தார்ப்பாய எடுங்க.

— அட ஆண்டவரே. தோ, எடுத்துட்டேன். நல்லா பாரு. ஹீட்டரு. அவ்ளோதான்.

— ஹீட்டரா?

— டீசல்ல ஓடறது. இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் உள்ள சூடு குடுக்கும்.

— கடலூர்ல எதுக்கு ஹீட்டரு? கார்த்திகை மழையிலயே உங்களுக்கு ஃபேன் அஞ்சுல ஓடணும். பிச்சாவரத்துக்கு வர்ற பார்ட்டி எல்லாம் ஏசி பத்தலன்னுதான சண்ட போடறாங்க?

— ஊட்டி டிரிப்பு கேக்கறாங்க. கொடைக்கானல் கேக்கறாங்க.

— ஊட்டிக்கு ரெண்டு கம்பளி போதும். போன வருசம் அதான குடுத்தீங்க? சரி, இருக்கட்டும். பைப்பு மேல எல்லாம் கறுப்பா என்னா அது, பாம்பு தோலு மாதிரி?

— ஃபோம். தண்ணி பைப்புல ஒறஞ்சுதுன்னா வெடிச்சுடும். ஐஸு ஆனா தண்ணிக்கு எடம் ஜாஸ்தி வேணும், கேளு...

— நான் சயின்ஸ் டீச்சர். அத எனக்குச் சொல்லித் தரவேணாம். ஊட்டியில பைப்பு வெடிக்கற அளவுக்கா குளிரு?

— ஜனவரியில அடிக்கும். சில வருசம்.

— வெளிய தொங்கிட்டிருந்த தண்ணி டேங்க் எங்க?

— உள்ள மாத்திட்டேன். கட்டிலுக்கு அடியில.

— அதுவும் ஊட்டிக்கு. அந்த கேன்ல ரோஸ் கலர்ல இருக்கே, அது என்னா, ரோஸ் மில்க்கா?

— தொடாத, தொடாத! ஒறையாம இருக்கற மருந்து அது. சிங்க்குக்குக் கீழ வளையுது பாரு பைப்பு, அங்க கழிவுத் தண்ணி தேங்கி நிக்கும். அதுல ஊத்தணும். குடிக்கற தண்ணியில கலக்கறதில்ல.

— கடைசியில தெளிவா ஒரு பதில் வந்துது. டயருக்குச் சங்கிலி கூட வாங்கியிருக்கீங்க. இது பனியில ஓட்டறதுக்குத்தான? எனக்குத் தெரியும்ங்க, டி.வி.யில பாத்துருக்கேன்.

— ராணி, நீ வீட்டுக்குப் போ. ராத்திரி வந்து எல்லாம் சொல்றேன்.

— இப்ப சொல்லுங்க. எந்த ஊருக்குப் போறீங்க? யாரோட போறீங்க?

— யாரோட போறேன்? நான் மட்டும்தான் போறேன்.

— அப்பறம் எதுக்கு மூணு ரஜாய்? அதுல ஒண்ணு பூப்போட்டது, பொம்பளைங்க போத்திக்கறது.

— கடையில அதான் இருந்துது.

— ரெண்டு மாசமா நீங்க ஆளே சரியில்ல. போன எடுத்துக்கிட்டு மாடிக்குப் போறீங்க. நான் வந்தா “அப்பறம் பேசறேன் கலைமணி”ன்னு வைக்கறீங்க. கலைமணின்னா ஆம்பளையா பொம்பளையா?

— நீயும்தான் ஆளு சரியில்ல. சனிக்கிழமை ஆனா பைய எடுத்துக்கிட்டு கெளம்பிடற. நான் ஒரு வார்த்த கேட்டேனா?

— நான் வடலூர் போறேன். வினோதினி டீச்சர் கூட.

— ஞாயித்துக்கிழமை பூசைக்கே முட்டி வலின்னு வராதவ, வடலூருக்கு பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறியா? அங்க என்னா வேல உனக்கு, கிறிஸ்தவச்சிக்கு?

— ஜோதி எல்லாருக்கும் பொதுதான். பேச்ச மாத்தாதீங்க. தோ, உங்க போன் அடிக்குது. யாரு?

— அது... பேட்டரி கடை. அப்பறம் பேசிக்கலாம், விடு.

— கலைமணின்னு எழுதியிருக்கு. குடுங்க இப்படி.

— ராணி, வேணாம்...

— அலோ. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். சொல்லுங்க.

— அலோ, டேவிட் ராஜ் சாருங்களா? நான் கோயமுத்தூர்லிருந்து கலைமணி பேசறனுங்க.

— பொம்பள. அதான பாத்தேன். சாரு பக்கத்துல இருக்காரு, நான் அவரு சம்சாரம். என்கிட்டயே சொல்லுங்க.

— வணக்கமுங்க மேடம். ஹீட்டர் நாங்கதானுங்க அனுப்பிச்சது. சாருகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. புகைக் குழாய் தரைய ஓட்டை போட்டு வெளிய போகோணும். ஜன்னல் ஓரத்துல விட்டுறக் கூடாதுங்க, புகை திரும்ப உள்ள வந்துரும். அதுல இருக்கற விஷவாயு வாசமே தெரியாது, தூக்கத்துலயே ஆளக் கொன்னுரும். மேல வென்ட்டும் கொஞ்சம் தொறந்தே இருக்கோணும்.

— சரி, சொல்றேன்.

— பச்சக் குழந்தை வர்ற வண்டின்னு சார் பத்துவாட்டி சொன்னாருங்க. அதனாலதான் விஷவாயு அலாரம் ஒண்ணு நானே சேத்துப் போட்டிருக்கறனுங்க. வச்சரட்டுங்களா?

— வைங்க.

— கலைமணி ஹீட்டரு கடை வச்சிருக்கற அம்மாதான். முன்ன பின்ன நேர்ல கூட பாத்ததில்ல, கேளு...

— யாரோட பச்சக் குழந்தை?

— ராணி.

— யாரோட குழந்தைய ஏத்தறதுக்கு இந்த வண்டி? சொல்லுங்க.

— கத்தாத. மில்லுல ஆளுங்க இருக்காங்க. இந்த ஸ்டூல்ல உக்காரு. சொல்லிடறேன்.

— நின்னுக்கிட்டே கேக்கறேன்.

— நம்ம அருள்முருகன் லாரியில முந்திரி ஏத்திக்கிட்டு டெல்லி போறான்ல? ஆவணியில மணாலி வரைக்கும் போயிருக்கான், திரும்ப ஆப்பிள் லோடு எடுக்க. அங்க மார்க்கெட்டுல தமிழ்ப் பேச்சு கேட்டுத் திரும்பிப் பாத்தானாம். நம்ம பொண்ணு அனிதா.

— அனிதாவா?

— வயித்துல புள்ளையோட. மலை மேல தகர ஷீட்டுப் போட்ட ஒரு ரூம்பு. பனி விழுந்தா ரோட்டையே மூடிடுவாங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா கீழ எறங்கணுமாம். அருள்முருகன் என்கிட்ட சொல்லிட்டு, அண்ணே நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னான். ஏன்னா, நீ உட்பட எல்லாருக்கும் என் கோவம் தெரியும்.

— தெரியும். எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும். அந்தக் கம்பிய கீழ வைங்க மொதல்ல.

— எது? இது ஜாக்கி கம்பி.

— அன்னிக்கும் ஜாக்கி கம்பிதான். சித்தார்த் நம்ம ஷெட்டுல உங்க பக்கத்துலயே நின்னு வேல கத்துக்கிட்டவன். ரிஜிஸ்டர் ஆபீசுலேர்ந்து மாலையோட ரெண்டும் வந்து நின்னுச்சு. நீங்க ஓங்கின ஓங்குல அவன் கைய குடுத்துத் தடுத்தான். எலும்பு ஒடைஞ்ச சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுது. “இனி கண்ணுல பட்டீங்க, ரெண்டு பேரையும் பொதச்சுடுவேன்”னீங்க. நீங்க மறந்துட்டீங்களோ என்னமோ, அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துல கேக்குது.

— வச்சுட்டேன். பாரு, கீழ வச்சுட்டேன்.

— இப்ப அங்க போறது எதுக்கு? உண்மையச் சொல்லுங்க. பொண்ணப் பிரிச்சு இழுத்தாரவா?

— நீ அப்படியா நெனைக்கற?

— வேற எப்படி நெனைக்கறது? சொல்லாம கொள்ளாம, ஊரு விட்டு ஊரு வந்து ஒளிஞ்சு வேல பாக்கறீங்க. நல்லதுக்குப் போறவரு பொண்டாட்டிகிட்ட மறைப்பாரா?

— மறைச்சேன். ஏன்னா, நீ கூட வர்றேம்ப. அங்க போயி அவ என் மூஞ்சியில கதவ சாத்திட்டான்னா, அத நீ பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நான் மட்டும் பாத்துட்டு வந்தா போதும்னு.

— சாத்திட்டா?

— வாசல்லயே வண்டிய நிறுத்திப் போட்டு உக்காந்துக்குவேன். அதுக்குத்தான் இவ்ளோ ஏற்பாடு. சாதாரண வண்டி அந்தக் குளிருல ஒரு ராத்திரி தாங்காது. பேட்டரி படுத்துடும், டீசல் கெட்டியாயிடும், அடுப்புல கேஸ் எரியாது. எல்லாத்தையும் மாத்திட்டேன். நான் வெளியவே கெடந்துக்குவேன். அவளுக்கு வலி எடுத்துதுன்னா, எம்மேல எவ்ளோ கோவம் இருந்தாலும் வண்டியில ஏறுவாள்ல? ஆஸ்பத்திரி போறவரைக்கும் உள்ள சூடா இருக்கணும். பொறந்த புள்ளைய கழுவ சுடுதண்ணி வேணும். அந்த டேங்க கட்டிலுக்கு அடியில மாத்துனது அதுக்குத்தான்.

— அவகிட்ட என்னா சொல்லுவீங்க?

— ஒண்ணும் வர மாட்டேங்குது. செம்மண்டலம் வீட்டுலேர்ந்து இங்க வர்ற வழி பூரா சொல்லிப் பாக்கறேன். ‘அனிதா’ன்னு ஆரம்பிச்சு அதோட நின்னுடுது.

— சரி, கதவ சித்தார்த் தொறக்கறான். அவன் மூஞ்சி எதுக்க நிக்குது. அப்ப?

— அவன்கிட்ட இந்த ஹீட்டரு வயரிங்கக் காட்டணும். எங்கயோ மாத்திக் குடுத்துருக்கேன், பட்டுன்னு ஃப்யூஸு போவுது. எனக்குக் கண்ணு சரியா தெரிய மாட்டேங்குது. அவனா இருந்தா ஒரே பார்வையில சொல்லிடுவான்.

— மன்னிப்புக் கேக்க மாட்டீங்களா?

— கேக்கணும். எப்படிக் கேக்கறது? உன் கை இப்ப நல்லா மடங்குதாடான்னு கேக்கலாம்னு வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியுமான்னு தெரியல, ராணி.

— மடங்குது.

— என்னா சொன்ன?

— மடங்குதுன்னேன். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் பிசகு. ஆனா ஸ்பேனர் எல்லாம் புடிக்கறான்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— மூஞ்சியத் தொடைங்க மொதல்ல. இந்தாங்க, முந்தானையிலயே தொடைங்க.

— ராணி, நீ அவுங்க கூட பேசிக்கிட்டு இருக்கியா? எத்தினி நாளா? அப்ப அருள்முருகன் சொல்றதுக்கு முன்னாடியே உனக்கு...

— இந்த வண்டிய வடக்க எடுத்துட்டுப் போவாதீங்க. மணாலி ரூம்பு பூட்டிக் கெடக்குது.

— அப்ப எம்பொண்ணு எங்க?

— தோ, பக்கத்துல கிள்ளையில. ஐப்பசியிலயே ரெண்டு பேரும் வந்துட்டாங்க, நாந்தான் வீடு புடிச்சு ஒளிச்சு வச்சிருக்கேன், உங்களுக்குப் பயந்து.