காளியாயி அம்மாவின் வேனில் மூன்று சைக்கிள்களை ஏற்றியது பற்றி

பெயர்: ஜீவராஜ் ஜெயந்தினி. வயது: 48. தொழில்: பட்டதாரி ஆசிரியை (புவியியல்). முகவரி: பஸார் வீதி, பொகவந்தலாவை. ஞாயிற்றுக்கிழமை மாலை 5.40க்கு பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது:

சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் சேர்ந்து தள்ளியும் இலேசில் மடங்காத பின் சீட், பகலில் ஒரு கையால் மடங்கியபோது எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று சார்ஜன்ட் என்னிடம் கேட்டார். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எனது மகள் லோஜினி, வயது 18, சைக்கிள் ஓட்டப்போட்டிகளில் கலந்துகொள்பவள். இன்று நுவரெலியாவில் நடைபெற்ற போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வருபவர்களுக்கே மாகாண அணியில் இடம். அவளது வயதுப் பிரிவில் இது கடைசி வருடம். அவளும் அவளது தோழி சுலக்ஷனாவும் இதுவரை போட்டிகளுக்கு பஸ்ஸில் போனார்கள். சென்ற முறை கண்டக்டர், "ஆளுக்குத்தான் டிக்கட், சைக்கிளுக்கு இல்ல" என்று இருவரையும் நடுவழியில் இறக்கிவிட்டார். அதன் பின்னர் குடும்பத்துக்கு ஒரு வேன் வாங்க முடிவு செய்தோம்.

ஒரு மாதத்தில் மூன்று வேன்களைப் பார்த்தோம். விற்பவர் சொல்வதை நான் நம்புவதில்லை; அளவு நாடாவும் கொப்பியும் கொண்டுபோனேன். ஹட்டனில் பார்த்ததில் முன்சக்கரங்களைக் கழற்றினால்தான் சைக்கிள் உள்ளே போகும். கினிகத்தேனையில் பார்த்ததில் கூரை தாழ்வு. பொகவந்தலாவை சிவசாமி என்பவரின் வெள்ளை டொல்பின் வேனில் இருவரது சைக்கிள்களும் உபரியாக ஒன்றுமாக மூன்று சைக்கிள்கள், மாற்றுச் சக்கரங்கள், ஹெல்மட்கள், பம்ப் எல்லாம் கொள்ளும் என்று கணக்கு வந்தது. பின் சீட் மட்டும் இறுகியிருந்தது. போட்டிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு திங்கட்கிழமை முடிவு சொல்கிறோம் என்று கேட்டதற்கு அவர் சம்மதித்தார்.

சனிக்கிழமை காலை, எனது கணவர் ஜீவராஜ் பின் சீட்டை ஒருவாறு சிவசாமியோடு சேர்ந்து மடக்கி, சைக்கிள்களை ஏற்றினார். பிள்ளைகள் இருவரோடும் ஹட்டனில் கணவரின் தங்கை வீட்டில் இரவு தங்கிப் போவதாகத் திட்டம். ஆனால் பூசை போடாமல் புது வண்டியை எடுக்க முடியாது என்றார் கணவர். "இன்னும் வாங்கவே இல்லையே" என்றேன். "வாங்காத வண்டியும் ரோட்லதான ஓடுது" என்றார். ஆகவே வழியில் இருந்த கோயிலில் நிறுத்தினோம்.

அங்கே பூசைக்கு வேறு வண்டிகளும் வந்திருந்தன. எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை டொல்பின் நின்றது. சைக்கிள்களுக்கும் பூசை வேண்டும் என்று லோஜினி கேட்டதால் அவற்றையும் மற்றச் சாமான்களையும் இறக்கிச் சுவரோரம் வைத்தோம். பின் சீட்டும் பழைய நிலைக்கு வந்தது. பூசாரி எல்லா வண்டிச் சாவிகளையும் ஒரே தட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு டொல்பின்களுக்கும் செவ்வந்தி மாலை போட்டு, இலக்கத் தகடுகளில் சந்தனம் பூசி, சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அதன் பின்னர் தட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கணவரிடம் கொடுத்தார். கணவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தச் சாவி திறந்த வேனில்தான் சைக்கிள்களை ஏற்றினோம்.

அப்போதுதான் பின் சீட் ஒரு கையால் மடங்கியது. "பாத்தியா, பூச போட்டதும் மடங்குது" என்றார் கணவர். "சும்மா இருங்க" என்று சொன்னேன். ஆனால் மனதுக்குள், இருக்கலாம் என்று நினைத்தேன். இதைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டேன். சார்ஜன்ட் சேர்த்துவிட்டார்.

சுமார் இருபது நிமிடங்களில் நோர்வூட்டுக்கு முன்பாகப் பொலிஸார் எங்களை நிறுத்தினர். களவு போன வேன் என்றனர். நிலையத்துக்கு வந்தோம். சிறிது நேரத்தில் முறைப்பாட்டாளர் காளியாயி, வயது 55, முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேனைத் தாமே ஓட்டுபவர். கோயிலில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்து, அங்கே நின்ற மற்ற டொல்பினில் ஏறியபோது, தன் மகன் சீட்டில் கிழித்த கிழிசல் இல்லாததைக் கண்டே விஷயத்தை அறிந்ததாகச் சொன்னார்.

"நாலு வருசமா புள்ளைகள ஏத்துற வண்டிங்க. பஞ்சர் ஆயிருக்கு, பிரேக் போயிருக்கு. களவு போனது இப்பத்தான். அதுவும் டீச்சர் கையால" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதன் பின்னர் சிவசாமி அழைக்கப்பட்டார். அவருடைய வேனின் வரிப் பத்திரம் இரண்டு மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. உள்ளே ஒவ்வொரு அங்குலமும் அளந்த நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் பார்க்கவில்லை. அந்த வேனை வீதியில் எடுக்கக் கூடாது என்று பொலிஸார் கூறினர். போட்டிக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு முன் பெயர் பதிய வேண்டும். வாடகைக்குக் கேட்ட இரண்டு வேன்களும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. லோஜினி காளியாயி அம்மாவின் வேனிலிருந்து தன் சைக்கிளை இறக்கத் தொடங்கினாள்.

காளியாயி அம்மா அவளைப் பார்த்து, "எங்க கண்ணு போகணும்?" என்று கேட்டார். நுவரெலியா என்றாள்.

"அப்ப ஏத்துனத ஏன் எறக்குற? நாளைக்கு ஸ்கூல் இல்ல, நானே கொண்டு போறேன்" என்றார்.

"முறைப்பாடு இருக்குதே அம்மா" என்றார் சார்ஜன்ட்.

"அது இருக்கட்டுங்க சேர். வந்து பேசிக்குவோம்" என்றார் காளியாயி அம்மா.

மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு அவர் எங்கள் வாசலில் ஹோர்ன் அடித்தார். என்னைத் தம் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தலவாக்கலை வரை எனது ஓட்டுநர் அனுமதிப்பத்திரம், சம்பளம், இரத்த அழுத்தம் ஆகியவை பற்றி விசாரித்தார். வேனை விற்பீர்களா என்று கணவர் பின்னாலிருந்து கேட்டார். "விக்க மாட்டேன். அடுத்த போட்டி எப்பன்னு மட்டும் முன்னாடியே சொல்லுங்க" என்றார். ஆறே காலுக்கு நுவரெலியாவை அடைந்து பெயர் பதிந்தோம். போட்டி தூறலில் நடந்தது. சுலக்ஷனா ஒன்பதாவதாக வந்தாள். லோஜினி முதல் சுற்றில் பின்தங்கினாள். கடைசித் திருப்பத்தில் இருவரை முந்தி நான்காவதாக வந்தாள். அந்த நேரத்தில் நான் கைப்பையைச் சேற்றில் எறிந்துவிட்டு வீதி விளிம்பில் குதித்துக் கத்தியதாகக் காளியாயி அம்மா இன்று தமது வாக்குமூலத்தில் கூறியிருப்பதாக அறிகிறேன். அதை நான் மறுக்கவில்லை.

எழுதியதை நானே வாசித்தேன். ஒரு நேரத்தைத் திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மற்ற யாவும் நான் கண்டதும் செய்ததுமே.

(ஒப்பம்) ஜீ. ஜெயந்தினி