கறிவேப்பிலைச் செடிக்குப் போன மாத்திரை

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் ஒரு மாமியாரும், மாசமாக இருக்கும் அவர் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். தூங்கலாம் என்று கண்ணை மூடிய என்னை மாமியாரின் குரல் எழுப்பியது.

"ஒனக்குக் குடுத்த சத்து மாத்திரையப் பூராம் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போட்டேன்."

"ஏன் அத்தை? ரத்தமே ஏறலை, பிள்ளைக்கு ஆபத்துன்னு நர்ஸம்மா வஞ்சு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க."

"இரும்பு மாத்திரைடி அது. முழுங்குனா பிள்ளை கருப்பாப் பொறக்கும்."

"ஒங்க மகன் வயித்துல இருந்தப்ப நீங்க எத்தனை முழுங்குனீங்க?"

"நான் ஒண்ணுகூடத் தொடலையே!"

"அப்பறம் ஏன் அவரு இருட்டுல சிரிச்சாத்தான் தெரியுறாரு?"

என் சீட்டின் முதுகைப் பிடித்து யாரோ எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு மாமியார் கிசுகிசுத்தார். கிசுகிசுப்பு என்பது அவர் நினைப்பு; டிரைவருக்கே கேட்டிருக்கும்.

"அதுக்காக? முன் சீட்டுல ஒருத்தரு ஒக்காந்திருக்காரே, இவரு கலர்ல பொறந்தாப் பரவாயில்லையா ஒனக்கு?"

நான் குறட்டை விடுவதுபோல நடித்தேன். நல்லவேளை, என் நிறத்தில் வெட்கம் வெளியே தெரியாது.

"இவரு மாதிரி ரெண்டு மடங்கு கருப்பாக்கூடப் பொறக்கட்டும் அத்தை." மருமகளின் குரல் உடைந்தது. "உசுரோட பொறந்தாப் போதும் எனக்கு."

பஸ் வல்லத்திராக்கோட்டையைத் தாண்டியது. அப்புறம் மாமியார் தொண்டையைச் செருமினார்.

"அழுகாத. இன்னைக்குக் குடுக்குற மாத்திரைய ஆஸ்பத்திரி வாசல்லயே முழுங்கிரு. கருப்பாப் பொறந்துச்சுன்னா, ஒங்கப்பன் வீட்டுச் சாயல்னு ஊருல சொல்லிக்கிறேன்."