ஒரே இழுப்பில் ஓயாமல் ஆடும் தொட்டில்

ஆழ்ந்த அறிவும் அதைவிட ஆழ்ந்த அமைதியும் கொண்டு இந்த அறிவியல் மன்றத்துக்குத் தலைமை தாங்கும் இயற்பியல் பேராசிரியர், என் உடன்பிறந்த தம்பி அவர்களே, முன்வரிசையை முழுமையாக்கும் மூத்தோரே, பிள்ளையோடு சேர்ந்து பிள்ளையின் பாடத்தையும் சுமக்கும் தாய்மார்களே, எப்போது முடியும் என்று ஏங்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வேலை, ஆற்றல், சுருள்வில். இம்மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைவர் இப்போதே தண்ணீர் குடிக்கிறார். இருங்கள் தலைவரே, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

தலைவர் வீட்டில் ஒரு ஸ்பிரிங் தொட்டில் தொங்குகிறது. அதில் ஒரு கைக்குழந்தை. தொட்டில் ஆடினால் உறங்கும். நின்றால் ஊரைக் கூட்டும். நாளெல்லாம் அதை இழுத்து விடுபவள் என் தம்பி மனைவி. அவளும் இயற்பியல் படித்தவள்தான். இந்தப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. தலைவர் என்ன சொன்னார்?

"நீ போயிட்டா குழந்தையை யாரு பாத்துக்கிறது? நான் பேப்பர் திருத்தணும்."

"நானும்தானே நாள் முழுக்க இழுத்துக்கிட்டு இருக்கேன்?"

"அதுல என்ன இருக்கு? கிளம்பின இடத்துக்கே தொட்டில் திரும்பி வருது. ஸ்பிரிங் செஞ்ச மொத்த வேலை பூஜ்யம். ஒரு தடவை இழுத்து விட்டா, ஆற்றல் எங்க போயிடும்? அது பாட்டுக்கு ஆடும்."

அவள் கோபித்தாளா? கத்தினாளா? சிரித்தாள். அப்படிச் சிரித்தால் ஆபத்து என்று எந்தப் பாடநூலிலும் எழுதவில்லையே.

"அப்போ ஒரே ஒரு தடவை இழுத்து விட்டுட்டுப் பேப்பரைத் திருத்துங்க. நான் போயிட்டு வந்துடுறேன்."

இழுத்தார். அமர்ந்தார். பேனாவைத் திறந்தார். தொட்டில் தளர்ந்தது, தயங்கியது, நின்றது. எல்லாக் கணக்கிலும் 'உராய்வைப் புறக்கணிக்க' என்று எழுதிப் பழகியவர் அவர். ஆனால் காற்று அவரைப் புறக்கணிக்கவில்லை. கீச்சிட்ட கொக்கியும் புறக்கணிக்கவில்லை.

குழந்தை வீறிட்டது. இரு மடங்கு இழுத்தார். இரு மடங்கு இழுத்தால் ஆற்றல் நான்கு மடங்கு என்று வகுப்பில் தொண்டை கிழியக் கற்பிப்பவர், அழுகைச் சத்தத்தில் அதை மறந்தார். தொட்டில் துள்ளியது. குழந்தை சிரித்தது. குடித்த பால் மட்டும் அப்பாவின் சட்டைக்கு வந்தது.

என்னம்மா, அக்கா உதவியிருக்கக் கூடாதா என்கிறீர்களா? சோதனை நடக்கும்போது குறுக்கே போகலாமா? அன்று நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்; நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பினாள். சட்டையில்லாத தலைவர் இடக்கையால் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பேப்பரும் திருத்தியாகவில்லை.

"வேலை கிடைச்சிருச்சுங்க. சேரட்டுமா?"

அதுவரை சிரித்த நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். படித்த பெண், தகுதியால் வென்ற பெண், இதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறாளே என்று மனம் வலித்தது.

கயிற்றை விடாமலே தம்பி சொன்னான்: "சேந்துடு. நான் லீவு போட்டுக்கிறேன். பூஜ்யம்னு சொன்னது தப்பு."

அன்பர்களே, ஆற்றல் அழிவதில்லை. உண்மை. ஆனால் ஓயாமல் ஆடும் தொட்டிலைக் கண்டால் விதியை மட்டும் வியக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இழுப்பது யார் கை? ஓய்வில்லாமல் உழைப்பது யார் கை? கணக்கில் காணாமல் போனது யார் கை? கேளுங்கள். உரக்கக் கேளுங்கள். உங்கள் வீட்டில் கேளுங்கள்.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் இருந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை இந்தப் பள்ளியில் என் தம்பி மனைவி முதல் பாடம் எடுக்கிறாள். தலைவருக்கு நேரில் வந்து கேட்க ஆசைதான். என்ன செய்வது, அவருக்கு வீட்டில் வேலை இருக்கிறது. வணக்கம்.