பக்கத்துப் பலகை

பிள்ளையார்பாளையத்தில் ஷேர் ஆட்டோ ஏறிய நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டதற்கு, எதிரே இருந்த பெண் தன்னைவிட மூத்த சிநேகிதியிடம் சொன்ன ஒரு பேச்சுதான் காரணம். அவள் மடியில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று இருந்தது.

“இந்தக் கதையில பேய் வருது பாரு, அத நம்பறேங்க்கா. போயிடுச்சுன்னு எழுதியிருக்காங்களே, அதத்தான் நம்பல.”

“என்னா கதை?”

“செத்துப்போன மொதல் சம்சாரம் பேயா வந்து ரெண்டாவது சம்சாரத்தப் பயமுறுத்துது. கடைசியில, ‘அவர நல்லா பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுப் போயிடுதாம். அவ்ளோ சுலபமா போவாளா?”

“போன வாரம் ஒரு ராஜா கதை படிச்சியே, அது?”

“அதுல ராஜாவுக்கு ஏழெட்டு ராணி. ஒருத்தி செத்தா ராஜா மறுநாளே வேட்டைக்குப் போறான். அதுவும் பொய்தான்.”

மூத்தவள் புத்தகத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். “கல்யாணத்த வச்சிக்கினு இதையெல்லாம் ஏம்மா படிக்கிற? நல்ல மனுஷன்னு நீதான சொன்ன?”

“நல்லவருதான். அவரு வீட்டுல தறியப் பாத்தேன். கோர்வைப் புடவைன்னா கரை போட பக்கத்துல ஒரு ஆளு உக்காரணுமில்ல? அந்தப் பலகை தேஞ்சு பளபளன்னு இருக்குது. அவரு மொதல் சம்சாரம், செத்துப்போனாங்களே, அவங்க உக்காந்த எடம். இனிமே நான் உக்காரணும்.”

“வேற பலகை போடச் சொல்லு.”

“சொன்னேன். மாத்திடலாம்மான்னாரு.”

“அப்புறம் என்னா?”

“சொல்லும்போது அந்தப் பலகையத் தடவிக்கினே இருந்தாருக்கா.”